இயற்பியலில் இனமும் சம நடத்தையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இயற்பியல் படிக்கிற, படிக்க நினைக்கிற தமிழ் மாணவர்களும், அவர்களின் பெற்றோரும், ஆய்வுக்கூடம் நடத்தும் விரிவுரையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆண்டுக்கு ஆண்டு மாறும் தேதி, கட்டணம் ஆகியவற்றை அந்தந்த அலுவலகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானுக்கு இனம் கிடையாது. அப்புறம் இயற்பியலில் பாகுபாடு எங்கிருந்து வருகிறது?

எலெக்ட்ரானை அளக்கும் கருவியின் முன் யார் உட்காருவது என்பதை மனிதர்கள்தாம் முடிவு செய்கிறார்கள். யாருக்கு இடம், யாருக்கு எந்த மேற்பார்வையாளர், வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவி, கட்டுரையில் யார் பெயர் முதலில், பரிந்துரைக் கடிதத்தில் என்ன சொல், வேலைக்கு யாரைக் கூப்பிடுவது: இந்த ஆறு இடங்களில்தான் பாகுபாடு நுழைகிறது. சமன்பாட்டுக்குள் அதைத் தேடினால் கிடைக்காது.

தன் கண் தன்னை ஏமாற்றும் என்று இயற்பியலாளருக்குத் தெரியாமல் இல்லை. 1913இல் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையில் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.592 × 10⁻¹⁹ கூலும் என்று வெளியிட்டார். இன்றைய மதிப்பு 1.602. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த எண் பிழையானது. அவருக்குப் பின் அளந்தவர்கள் ஒரே தாவலில் சரியான மதிப்புக்கு வரவில்லை, பழைய எண்ணிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவே நகர்ந்தார்கள் என்று 1974இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு உரையில் இயற்பியலாளர் ஃபைன்மன் சுட்டிக்காட்டினார். எதிர்பார்த்த விடை வந்தால் அதற்குமேல் தோண்டமாட்டோம். எதிர்பாராதது வந்தால் பிழை தேடுவோம்.

இதைத் தடுக்கத்தான் விடையை மறைத்துவைத்துக் கணக்குப் பார்க்கும் முறை வந்தது. 2021 ஏப்ரலில் முடிவு வெளியான, மியுவான் என்ற துகளின் காந்தத்தன்மையை அளக்கும் அமெரிக்க ஃபெர்மிலேப் ஆய்வகத்தின் ஜி-2 சோதனையில் கடிகார அதிர்வெண்ணைச் சற்றே மாற்றி வைத்திருந்தார்கள். எவ்வளவு மாற்றினார்கள் என்பது குழுவுக்கு வெளியே இருந்த இருவருக்கு மட்டுமே தெரியும். அந்த எண் மூடிய உறைக்குள் இருந்தது. பகுப்பாய்வு முழுவதும் முடிந்து, குழு வாக்களித்த பிறகே உறையைப் பிரித்தார்கள்.

தரவை நம்பாமல் உறை ஒட்டும் அதே இயற்பியலாளர், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் "நான் தகுதியைத்தான் பார்க்கிறேன்" என்று சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. கருவிக்குக் காட்டும் எச்சரிக்கையை மனிதரிடமும் காட்ட வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் செய்யும் வழிகள்தாம்.

இதற்கு ஆதாரம் உண்டா, அல்லது மனக்குறையா?

உண்டு. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 8 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 251 இயற்பியல், உயிரியல் பேராசிரியர்களிடம் ஒரே தன்விவரக் குறிப்பைப் பெயர் மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். இயற்பியல் பேராசிரியர்கள் வெள்ளையர், ஆசியர் பெயர்களுக்குக் கொடுத்த மதிப்பெண், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர் பெயர்களுக்குக் கொடுத்ததைவிட அதிகம். ஆண் பெயருக்குப் பெண் பெயரைவிட அதிகம்.

மலேசியாவிலும் இதே வகைச் சோதனை நடந்திருக்கிறது. லீ ஹுவோக் ஆவுன், முகமது அப்துல் காலிட் இருவரும் புதிய பட்டதாரிகளின் கற்பனைத் தன்விவரங்களைப் பொறியியல், கணக்கியல் சார்ந்த தனியார் வேலைகளுக்கு அனுப்பினார்கள். சீனப் பெயர் கொண்டவற்றில் 22.1 விழுக்காட்டுக்கு நேர்முகத்தேர்வு அழைப்பு வந்தது. மலாய்ப் பெயர் கொண்டவற்றுக்கு 4.2 விழுக்காடு. இந்தியப் பெயர்கள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. நம்மைப் பற்றிய எண்ணாக அதை மேற்கோள் காட்டாதீர்கள். இந்நாட்டில் பாகுபாடு ஒரே திசையில் ஓடுவதில்லை என்பதற்கு அது போதுமான சான்று.

சந்திரசேகருக்கு நடந்தது இனப் பாகுபாடுதானே?

இரண்டு நிகழ்ச்சிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில், 19 வயதில், வெண்குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின்) நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் கணக்கிட்டார். இன்று அதைச் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்கிறோம். 1935 ஜனவரியில் லண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் அதை எல்லோர் முன்னும் எள்ளி நகையாடினார். எடிங்டன் மற்றவர்களையும் இப்படித் தாக்கியவர். தன் சொந்தக் கொள்கையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் அவருக்கு இருந்தது. அதை இனவெறி என்று அடித்துச் சொல்லச் சான்று போதாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. அங்கே அவர் வளாகத்தில் பாடம் நடத்துவதை ஒரு டீன் அவர் நிறத்துக்காகவே எதிர்த்தார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டு அவரைப் பாடம் நடத்த வைத்தார். 1983இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் புகாரிலும் இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுங்கள். கடுமையாகப் பேசும் பேராசிரியர் எல்லோரிடமும் கடுமையாகப் பேசுகிறாரா, ஒரு சாராரிடம் மட்டுமா என்பதே முதல் கேள்வி.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆம் விதி சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதிக்கும் இடங்கள் தவிர, பொது அமைப்புகளின் நியமனத்தில் மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பாலினம் காரணமாக வேறுபாடு காட்டக்கூடாது. 12ஆம் விதி அரசாங்கக் கல்வி நிலையங்களில் மாணவர் சேர்க்கை பற்றியும், 136ஆம் விதி ஒரே தரத்தில் உள்ள அரசு ஊழியர்களைப் பாரபட்சமின்றி நடத்துவது பற்றியும் பேசுகின்றன.

153ஆம் விதி மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைக் கூறுகிறது. உபகாரச் சம்பளம், அரசுப் பணி, உயர்கல்வி இடங்கள் ஆகியவற்றில் நியாயமான அளவு ஒதுக்க அது இடம் தருகிறது. ஆகவே ஒதுக்கீடு இருப்பதையே சட்டமீறல் என்று புகார் செய்தால் நிற்காது. ஒதுக்கீட்டுக்கு வெளியே உள்ள இடத்தில் உங்கள் தாளை வேறு அளவுகோலால் திருத்தினார்கள் என்றால் அது தனிப் புகார். இவ்விரண்டையும் ஒரே கடிதத்தில் கலப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. படிப்பவர் முதல் பாதியைக் காட்டி இரண்டாம் பாதியையும் ஒதுக்கிவிடுவார்.

அரசியலமைப்பின் இந்தப் பாதுகாப்பு அரசையும் அரசு அமைப்புகளையும் கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனத்துக்கு எதிராக நேரடியாகச் செல்லாது. தனியார் துறையில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவு இருக்கிறது. வேலையில் பாகுபாடு தொடர்பாகத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே எழும் தகராறைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். பிரிவு பேசுவது ஏற்கெனவே வேலையில் இருப்பவரைப் பற்றி. விண்ணப்பித்து அழைப்பே வராதவருக்கு அதில் தெளிவான பாதுகாப்பு இல்லை.

என் மகள் இயற்பியல் பட்டப்படிப்புக்குப் போக மெட்ரிகுலேசன் நல்லதா, ஆறாம் படிவமா?

மெட்ரிகுலேசன் பெரும்பாலும் ஓர் ஆண்டு. ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்டிபிஎம் மூன்று பருவம், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. மெட்ரிகுலேசன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்பது நெடுநாள் பங்கீடு. எஸ்பிஎம்மில் 10ஏ எடுத்த எல்லா மாணவருக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேசன் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். அதற்குக் குறைவாக எடுத்த பிள்ளைக்கு ஆறாம் படிவம் திறந்திருக்கிறது. இனப் பங்கீடு இல்லை. இயற்பியலுக்கு அது இரண்டாந்தர வழி என்று நினைக்காதீர்கள். எஸ்டிபிஎம் இயற்பியலும் கணிதம் டியும் முதலாண்டுப் பட்டப்படிப்புக்கு நல்ல அடித்தளம்.

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு மெரிட் புள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள். 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். தேர்வுப் புள்ளிச் சராசரியை 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்க வேண்டும். 3.75 எடுத்தவருக்குக் கல்வியில் 84.38, புறப்பாடத்தில் 9 வாங்கினால் மொத்தம் 93.38. 3.83 எடுத்தவருக்கு 86.18, புறப்பாடத்தில் 6 மட்டுமே என்றால் 92.18. அதிகம் படித்தவர் பின்னால் நிற்கிறார். புறப்பாடத்தில் ஒரு புள்ளி சராசரியில் ஏறத்தாழ 0.044க்குச் சமம். டியூஷனுக்காகச் சீருடை இயக்கத்தையும் விளையாட்டையும் விட்டுவிடும் தமிழ்ப் பிள்ளைகள் இழப்பது இந்தப் புள்ளிகளை. இடம் கிடைக்காதபோது அதை இனத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். முதலில் சொந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கணக்கு சரியாக இருந்தும் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கான கதவு முடிவு வெளியான பின் சில நாட்களே திறந்திருக்கும். மெரிட் கணக்கு, சான்றிதழ் நகல்கள், ஒரு பக்கக் கடிதம் ஆகியவற்றை முடிவு வருமுன்பே தயாராக வைத்திருங்கள்.

விரிவுரையாளர்களுக்கு: முதுகலை மாணவரையோ ஆய்வு உதவியாளரையோ சாய்வில்லாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

விண்ணப்பங்களைத் திறக்கும் முன் அளவுகோலை எழுதுங்கள். எழுதி, தேதி போட்டு, குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதுதான் உங்கள் மூடிய உறை.

ஐந்து கூறு போதும்: அடிப்படைப் பாடங்களில் தேர்ச்சி, கைவேலை அல்லது நிரல் எழுதிய அனுபவம், சிக்கலைப் பிரித்துப் பார்க்கும் திறன், எழுத்து, இந்தத் திட்டத்தில் ஏன் ஆர்வம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. வெறும் எண் போதாது. "கைவேலையில் 3 என்றால் ஒரு கருவியைத் தானே அளவுதிருத்தம் செய்து, பிழை மதிப்பீட்டுடன் அறிக்கை எழுதியிருக்க வேண்டும்" என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி விளக்கம் வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் 2க்கும் 3க்கும் நடுவே பழக்கமும் முகமும் புகுந்துவிடும்.

துறை அலுவலகத்தில் ஒருவர் பெயர், படம், அடையாள அட்டை எண், பிறந்த ஊர், பள்ளிப் பெயர் ஆகியவற்றை நீக்கி எண் கொடுக்கட்டும். பள்ளிப் பெயரை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி என்பது பெயரைவிட வேகமாக இனத்தைக் காட்டிக்கொடுக்கும். மூவர் தனித்தனியே, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போட வேண்டும். ஒரு கூறில் 2 அல்லது அதற்கு மேல் வேறுபாடு வந்தால் அதை மட்டும் விவாதிக்கலாம். மூத்த பேராசிரியர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற இருவரின் எண்ணும் அவர் பக்கம் நகரும்.

இது பலன் தருமா? ஹப்பிள் தொலைநோக்கி நேரத்துக்கான விண்ணப்பங்களில் 2018 சுற்றில் விண்ணப்பித்தவர் பெயரை மதிப்பிடுவோரிடமிருந்து முழுமையாக மறைத்தார்கள். பெண்கள் தலைமையிலான திட்டங்களின் வெற்றி 8.7 விழுக்காடு, ஆண்களுடையது 8.0. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் பெண்கள் ஒருமுறைகூட முந்தியதில்லை. அது பாலினம் பற்றிய எண், இனம் பற்றியது அன்று. முறை ஒன்றுதான்.

நேர்முகத்தேர்வில் பெயரை மறைக்க முடியாது. அங்கே எல்லோருக்கும் ஒரே நான்கு கேள்வி, ஒரே வரிசை, ஒரே நேரம். "உங்கள் குடும்பம் எங்கே, அப்பா என்ன வேலை" என்று பேச்சைத் தொடங்கும் வழக்கத்தை விடுங்கள். அன்பாகக் கேட்பதுதான். ஆனால் விரிவுரையாளரின் மகனுக்கு அது நாற்காலி, தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு அது குறுக்கு விசாரணை.

எங்கள் துறையில் இந்த ஆண்டு எடுத்த 8 பேரில் ஒருவர்கூட இந்தியர் இல்லை. இது பாகுபாடா?

கணக்கிடலாம். தகுதி பெற்ற விண்ணப்பதாரர்களில் 20 விழுக்காடு இந்தியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனம் பாராமல் 8 பேரை எடுத்தால் ஒருவர்கூட வராமல் போவதற்கான வாய்ப்பு 0.8⁸, அதாவது 0.17. ஆறில் ஒரு தடவை தற்செயலாகவே நடக்கும். இதை வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. இதே நிலை மூன்று ஆண்டு தொடர்ந்தால் 24 பேரில் சுழியம்: 0.8²⁴, ஏறத்தாழ 0.005. இருநூறில் ஒன்று. அப்போது துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்க உங்களுக்கு உறுதியான அடிப்படை இருக்கிறது.

இந்தக் கணக்கின் உயிர் அந்த 20 விழுக்காட்டில் இருக்கிறது. நாட்டின் மக்கள்தொகை விகிதத்தை அங்கே வைக்காதீர்கள். விண்ணப்பித்துத் தகுதி பெற்றவர்களின் விகிதத்தை வையுங்கள். அது 5 விழுக்காடுதான் என்றால் 0.95²⁴ = 0.29 ஆகிவிடும், மூன்று ஆண்டு சுழியமும் வியப்பில்லை. அப்போது சிக்கல் தேர்வுக் குழுவில் இல்லை. நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே இல்லை என்பதில் இருக்கிறது. அதற்கு வேறு மருந்து: படிவம் நான்கிலேயே இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் விடாமல் எடுக்க வைப்பது.

வெளிநாட்டு இயற்பியல் சங்கங்கள் எதைக் கண்டறிந்தன? அது இங்கே பொருந்துமா?

அமெரிக்க இயற்பியல் கழகத்தின் டீம்-அப் அறிக்கை 2020இல் வெளியானது. 1995க்கும் 2015க்கும் இடையே அமெரிக்காவில் இயற்பியல் இளங்கலைப் பட்டம் பெற்றோர் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை 4 விழுக்காடு மட்டுமே கூடியது. காரணமாக அவர்கள் சொன்னவை ஐந்து: இங்கே நானும் ஒருவன் என்ற உணர்வு, நானும் இயற்பியலாளன் என்ற அடையாளம், படிப்பில் துணை, பணம் உள்ளிட்ட தனிப்பட்ட துணை, தலைமையும் அமைப்பும்.

அந்நாட்டு வரலாறு வேறு. 1876இல் யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய எட்வர்ட் பூஷே, கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக வேலை கிடைக்காமல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின மாணவர் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தினார். அந்த வரலாற்றை இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனால் முதல் கூறு எங்கும் பொருந்தும். முதலாண்டில் 80 பேரில் மூன்று தமிழ் மாணவர்கள் இருந்தால், செய்முறைக் குழுக்களைப் பிரிக்கும்போது மூவரையும் மூன்று குழுவில் தனித்தனியே சிதறவிடாமல் இருவரை ஒன்றாக வைத்துப் பாருங்கள். செலவில்லாத உதவி.

குழுக் கூட்டத்தில் எல்லோரும் மாண்டரினில் பேசுகிறார்கள், அல்லது மலாயில் இலக்கணமாகப் பேசி நகைச்சுவைக்கு வேறு மொழிக்குப் போகிறார்கள். என்ன செய்வது?

மேற்பார்வையாளரிடம் ஒரே ஒரு விதியைக் கேளுங்கள்: அறையில் உள்ள ஒருவருக்குப் புரியாத மொழியில் ஆய்வுப் பேச்சு கூடாது. தேநீர்ப் பேச்சு யார் மொழியிலும் இருக்கலாம். கருவிப் பாதுகாப்பு, தரவு, அடுத்த வார வேலை இம்மூன்றும் பொது மொழியில் மட்டும். பாதுகாப்பைக் காரணமாகச் சொன்னால் எவரும் மறுக்க மாட்டார்கள், அது உண்மையும்கூட: 15 கிலோவோல்ட் மின்தேக்கி மின்னிறக்கம் செய்யப்பட்டதா என்பதை அரைகுறையாகப் புரிந்துகொள்ளக்கூடாது. மூன்று தமிழர் ஒரு மலாய் மாணவியை வைத்துக்கொண்டு தமிழில் தரவைப் பேசினால் அதுவும் இதே தவறு.

தாலி, காப்புக் கயிறு, விபூதி: ஆய்வுக்கூடத்தில் கழற்றச் சொல்வது நியாயமா?

காரணம் இயற்பியலாக இருந்தால் நியாயம். விதி எல்லோருக்கும் ஒன்றாகவும், காரணம் சுவரில் எழுதப்பட்டும் இருக்க வேண்டும்.

வலுவான காந்தம் உள்ள அறை: தங்கம் காந்தத்தால் ஈர்க்கப்படாது. தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்குதான் ஆபத்து, அது எஃகு. ஊக்கைக் கழற்றிவிட்டால் தாலி இருக்கலாம். அரை மில்லிடெஸ்லா கோட்டை (காந்தப்புல எச்சரிக்கைக் கோட்டை) தாண்டும் முன் கதவருகே ஊக்கு, கொண்டை ஊசி, சாவி போட ஒரு கிண்ணம் வையுங்கள்.

லேசர் அறை: கண்ணுக்கு ஆபத்தானவை வகுப்பு 3பி, அதாவது 5 மில்லிவாட்டுக்கு மேல் 500 மில்லிவாட் வரை, அதற்கு மேல் வகுப்பு 4. வளையலும் மோதிரமும் கதிரைத் தெறிக்கவிட்டு அடுத்தவர் கண்ணில் பாய்ச்சும். கையுறையோ முழுக்கைச் சட்டையோ வளையலை மூடினால் போதும். தாலியைச் சட்டைக்குள் போட்டு மேற்பொத்தானைப் போடுங்கள்.

உயர் மின்னழுத்தம்: கையில் எந்த உலோகமும் கூடாது, கைக்கடிகாரமும் சேர்த்து.

கடைசல் இயந்திரம், சுழலும் பட்டை: இங்கே விட்டுக்கொடுப்பு கிடையாது. மணிக்கட்டுக் கயிறு சுழலில் சிக்கினால் கையை இழுத்துக்கொண்டு போகும். கையுறையால் மூடுவதும் தீர்வாகாது. கடைசலில் கையுறையே தடை. தைப்பூச விரதத்துக்குக் காப்புக் கட்டியவரைக் கயிற்றை அறுக்கச் சொல்வதைவிட, அந்த நாட்களில் அவருக்கு வேறு வேலை கொடுத்து, கடைசல் வேலையை விரதம் முடிந்தபின் வையுங்கள். எப்போது காப்புக் கட்டுவோம் என்பதை மாணவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தூய்மை அறை: ஐஎஸ்ஓ தூய்மைத் தர அளவில் 6ஆம் வகுப்பில் ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 35,200க்கு மேல் இருக்கக்கூடாது. விபூதி துகள் தூவுவது மட்டுமல்ல, அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் சிலிக்கன் ஆக்சைடுக்குள் நகர்ந்து டிரான்சிஸ்டரின் தொடக்க மின்னழுத்தத்தையே மாற்றிவிடும். முகப் பவுடரும் கண்மையும் அதே காரணத்தால் கூடாது. ஆகவே அறிவிப்பில் "சமயக் குறி கூடாது" என்று எழுதாதீர்கள். "முகத்தில் தூள், பூச்சு எதுவும் கூடாது" என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் ஒருவரை வெளியே நிறுத்துகிறது, இரண்டாவது துகளை வெளியே நிறுத்துகிறது. உள்ளே போகுமுன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெளியே வந்து பூசிக்கொள்ளலாம்.

தீபாவளி, தைப்பூசத்தில் கருவி நேரமோ தேர்வோ வந்தால்?

பருவத் தொடக்கத்திலேயே தேதிகளை மின்னஞ்சலில் கொடுங்கள். தைப்பூசம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பொது விடுமுறை, ஆனால் வெளிநாட்டுச் சிங்க்ரோட்ரானுக்கு (ஆய்வுக்கு எக்ஸ் கதிர் தரும் பெரிய துகள் முடுக்கிக்கு) அது தெரியாது. கதிர் நேர விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் "ஏற்க இயலாத தேதிகள்" என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதை வெறுமையாக விட்டுவிட்டு, பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போக வேண்டிய நாளில் இரவுப் பணி விழுந்ததும் வருந்துகிறார்கள்.

கட்டுரைகளில் என் பெயர் குழம்புகிறது. அப்பா பெயரால் என்னைக் குறிப்பிடுகிறார்கள்.

குடும்பப்பெயர் உண்டு என்று எடுத்துக்கொள்ளும் தரவுத்தளம் நம் பெயரின் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். ஏ/எல், ஏ/பி சில இடங்களில் பெயரின் பகுதியாகவே பதிவாகிவிடும். மூன்று கட்டுரையில் மூன்று வடிவம் இருந்தால் மேற்கோள் எண்ணிக்கை மூன்றாகச் சிதறும். உபகாரச் சம்பளக் குழு பார்ப்பது அதில் ஒன்றை மட்டும்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஏ/எல், ஏ/பி இல்லாமல், உங்கள் பெயர் முழுமையாக, அப்பா பெயர் முழுமையாகவோ முதலெழுத்தாகவோ. ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணை இலவசமாகப் பதிந்து, பழைய வடிவங்களை "பிற பெயர்கள்" பகுதியில் சேருங்கள். ஒவ்வொரு சமர்ப்பிப்பிலும் அதை இணையுங்கள். கடவுச்சீட்டுப் பெயரும் கட்டுரைப் பெயரும் வேறாக இருந்தால் விசா, மாநாட்டுப் பதிவு ஆகியவற்றில் கடவுச்சீட்டு வடிவத்தையே கொடுக்க வேண்டும்.

ஆசிரியர் வரிசையை வேலை தொடங்கும்போதே எழுத்தில் பேசிவிடுங்கள். கட்டுரையில் யார் என்ன செய்தார் என்பதை வகைப்படுத்தும் கிரெடிட் பட்டியலின் 14 பங்களிப்பு வகைகளில் எது யாருடையது என்று ஒரு பக்கத்தில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். கடைசி வாரத்தில் பேசினால் பதவி உயர்ந்தவர் சொன்னதே நிற்கும்.

ஆய்வுக்கூடத்தில் எல்லா நிறத்தவரும் இருந்தால் இயற்பியலுக்கு என்ன லாபம்?

இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். 660, 940 நானோமீட்டர் ஒளியை விரலில் செலுத்தி, நாடித்துடிப்போடு மாறும் பகுதியை மாறாத பகுதியால் வகுத்து, இரு அலைநீளங்களின் விகிதத்தை எடுக்கிறது. தோராயச் சூத்திரம்: 110 கழித்தல் 25 பெருக்கல் அந்த விகிதம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் துடிப்பதில்லை, ஆகவே வகுக்கும்போது கழிந்துவிடும் என்று பாடம் சொல்லும். நடப்பில் முழுமையாகக் கழிவதில்லை. கருந்தோல் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் குறிப்பலை மெலிந்து இரைச்சல் கூடுகிறது. எல்இடி ஒற்றை அலைநீளம் அல்ல என்பதால் உள்ளே சேரும் நிறமாலையும் சற்று நகர்கிறது. அளவுதிருத்தம் செய்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத்தவர்.

2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு காட்டிய நேரத்தில் இரத்தத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு தடவை, வெள்ளையரில் 3.6. நம் தோலுக்கும் இந்த இயற்பியலே. அளவுதிருத்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவராவது கருத்த கையை நீட்டியிருந்தால் இந்தப் பிழை இவ்வளவு காலம் ஒளிந்திருக்காது.

ஏழை நாட்டு ஆய்வுக்கூடம் என்பதே ஒரு தடைதானே?

தடைதான். அதைக் கடந்த வழியும் கோலாலம்பூரிலேயே இருக்கிறது. பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் வளரும் நாடுகளுக்காக ஐசிடிபி என்ற கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். அதன் துணையோடு 1980களின் நடுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங்கின் குழு வாயுவை மின்சாரத்தால் பிளாஸ்மாவாக்கிக் குவிக்கும் 3 கிலோஜூல் பிளாஸ்மா குவியக் கருவியை வடிவமைத்தது. ஒரே மின்தேக்கி, 30 மைக்ரோஃபாரட், 15 கிலோவோல்ட். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே கருவியைக் கட்டக் கற்று, அதைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போய் ஆய்வைத் தொடர்ந்தார்கள். 1988இல் ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மா பயிற்சிச் சங்கம் பிறந்தது. பயிற்சி கொடுத்துக் கருவி கொடுக்காமல் அனுப்புவது அரைச் சமத்துவம் என்பதை அவர்கள் புரிந்துவைத்திருந்தார்கள்.

பினாங்கில் வேலை விளம்பரங்கள் மாண்டரின் கேட்கின்றன. இது மறைமுக இனத் தடையா?

சில நேரம் தேவை, சில நேரம் தடை. பாயான் லெப்பாசில் தைவான், சீன வாடிக்கையாளரோடு தினமும் பேசும் பணிக்கு மொழி தேவைதான். பழுதுப் பகுப்பாய்வு அறையில் மின்னணு நுண்ணோக்கி இயக்குபவருக்கு என்ன தேவை? விண்ணப்பியுங்கள், கடிதத்தில் "இப்பணியில் மாண்டரின் எந்த வேலைக்கு, வாரத்தில் எவ்வளவு நேரம் தேவைப்படும்?" என்று ஒரு வரி கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் தேவை உண்மை. விளம்பரத்தைத் தேதியுடன் படம் பிடித்து வையுங்கள்.

பிரிட்டனில் முதுகலைக்கு மலேசியரிடம் மட்டும் கூடுதல் அனுமதி கேட்கிறார்களே?

மலேசியரிடம் மட்டுமல்ல. பிரிட்டன் அரசின் பாதுகாப்பு அனுமதியான ஏடிஏஎஸ் சான்றிதழ் இயற்பியல் உள்ளிட்ட துறைகளுக்கு, விலக்குப் பெற்ற சில நாடுகள் தவிர மற்ற எல்லா நாட்டவருக்கும் வேண்டும். சிங்கப்பூருக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. கட்டணம் கிடையாது, வாரக்கணக்கில் ஆகும். இடம் கிடைத்த அன்றே விண்ணப்பியுங்கள்.

பாகுபாடு நடந்துவிட்டது. எங்கே, எப்படிப் புகார் செய்வது?

அன்றைக்கே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அவர் பேசிய மொழியிலேயே. ஆய்வேட்டில் எழுதுவதுபோல் பார்த்ததை ஒரு பத்தியில், நீங்கள் ஊகிப்பதை வேறு பத்தியில். "என்னைப் பிடிக்காது" என்பது ஊகம். "எக்ஸ் கதிர்க் கருவிப் பதிவேட்டில் இப்பருவத்தில் மற்ற மூவருக்கும் சராசரி 40 மணி, எனக்கு 11" என்பது தரவு. கருவிப் பதிவேடுதான் இயற்பியல் மாணவரின் மிக வலுவான சான்று. பருவம் முடியுமுன் நகல் எடுங்கள்.

பிறகு என்ன தீர்வு வேண்டும் என்று ஒரு வரியில் முடிவு செய்யுங்கள்: தாளை வேறொருவர் திருத்த வேண்டுமா, கருவி நேரமா, மேற்பார்வையாளர் மாற்றமா. தீர்வு கேட்காத புகாருக்கு "கவனத்தில் கொள்கிறோம்" என்ற பதில்தான் வரும்.

முதலில் கல்வி ஆலோசகர் அல்லது துறைத் தலைவர், பிறகு டீன், பிறகு மாணவர் விவகாரப் பிரிவு அல்லது முதுகலைப் படிப்புக் கழகம், நேர்மைப் பிரிவு. வாய்மொழியாகப் பேசினாலும் அன்று மாலையே "இன்று பேசியதன் சுருக்கம்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். மதிப்பெண் மறுபரிசீலனைக்குத் தனிக் கெடு உண்டு. பாகுபாட்டு விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் அது கடந்துவிடும். இரண்டையும் சேர்ந்தே நடத்துங்கள்.

பல்கலைக்கழகத்துக்குள் பதில் இல்லை என்றால் நிர்வாகக் குறைக்குப் பொதுப் புகார்ப் பிரிவின் இணையப் புகார் முறையான சிஸ்பா. மனித உரிமை சார்ந்தது என்றால் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம். அது பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை அது விசாரிக்காது, ஆகவே எங்கே முதலில் போவது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தனியார் வேலையில் இருப்பவர் தொழிலாளர் துறைக்குப் போகலாம்.

பெயர் குறிப்பிட்டுச் சமூக ஊடகத்தில் போடுவதை விசாரணை முடியும் வரை தள்ளிவையுங்கள். அவதூறு வழக்கு வந்தால் பாதிக்கப்பட்டவரே பிரதிவாதி ஆகிவிடுகிறார். சாட்சி சொல்ல வந்த வகுப்புத் தோழரின் பெயரையும் அவர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் எங்கும் கொடுக்காதீர்கள். அவருடைய ஆய்வேடும் அதே மேற்பார்வையாளரின் மேசையில்தான் இருக்கிறது.